5,000 ரூபாய் வெல்டிங் மெஷின் வாங்கலாமா? அட்டையில் இருக்கும் ஆம்பியரும் ராடு நுனிக்கு வரும் ஆம்பியரும்

ஆன்லைன் கடைகளில் வெல்டிங் மெஷின் என்று தேடினால் 200, 250, ஏன் 400 ஆம்பியர் என்றுகூட அச்சடித்த சின்னச் சின்ன இன்வெர்ட்டர் மெஷின்கள் ஐந்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு கையால் தூக்கிவிடலாம், வீட்டு பிளக்கிலேயே ஓடும் என்கிறது விளம்பரம். அதே 200 ஆம்பியரைப் பெயர் தெரிந்த கம்பெனியில் கேட்டால் விலை இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. யாரிடமாவது விசாரித்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒரு பட்டறையில் "நாலு வருஷமா ஓடுது, ஒரு தொந்தரவும் இல்ல" என்பார்கள். பக்கத்துப் பட்டறையில் "மூணாம் மாசமே கார்டு போச்சு" என்பார்கள். கார்டு என்பது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். அவர்கள் ஒரே மெஷினை வேறு வேறு ஆம்பியரில், வேறு வேறு கரண்ட் லைனில், வேறு வேறு நேர அளவில் ஓட்டியிருப்பார்கள். இந்த மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு தெளிவாகக் கிடைக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 2.5 மி.மீ ராடு (உருகிச் சேரும் வெல்டிங் குச்சி) எரிக்கும் வேலைக்கு, எப்போதாவது பயன்படுத்துபவருக்கு, இந்த மலிவு மெஷின்கள் கொடுத்த காசுக்கு நிச்சயம் உழைக்கும். அட்டையில் போட்டிருக்கும் ஆம்பியரை நம்பித் தினசரிப் பிழைப்புக்கு வாங்கினால் கை சுடும். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரும்பை உருக்க வேண்டியது குறைந்த வோல்ட்டும் நிறைய ஆம்பியரும். சுவரில் கிடைப்பது 230 வோல்ட். ஆர்க், அதாவது இரும்பை உருக்கும் மின்பொறி, எரியும்போது ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது 20 முதல் 30 வோல்ட் வரைதான். வோல்ட்டை இறக்கி ஆம்பியரை ஏற்றும் வேலையை டிரான்ஸ்பார்மர் செய்கிறது. பழைய வெல்டிங் செட் என்பதே ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவது. இவ்வளவு மெதுவான சுற்றில் பெரிய அளவு மின்சக்தியைக் கடத்த வேண்டுமானால் கனமான இரும்புக் கோரும் தடித்த காப்பர் சுருளும் வேண்டும். அதனால்தான் பட்டறைகளில் இருக்கும் பழைய செட்டை நகர்த்தவே இரண்டு ஆள் தேவைப்படுகிறது.

இன்வெர்ட்டர் மெஷின் வேறு வழியில் போகிறது. முதலில் 230 வோல்ட் ஏசியை ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. அதை ஐ.ஜி.பி.டி அல்லது மாஸ்ஃபெட் எனப்படும் பவர் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து ஏற்றுகின்றன. இந்த வேகமான மின்சாரம் ஒரு சிறிய ஃபெர்ரைட் டிரான்ஸ்பார்மர் வழியாக இறங்கி, மறுபடி டிசியாக வெளியே வருகிறது. ஒரு தொட்டித் தண்ணீரை அண்டாவால் நான்கு தடவையில் மாற்றலாம், சொம்பால் நூறு தடவையிலும் மாற்றலாம். சுற்றின் வேகம் கூடும்போது பாத்திரம் சிறிதானாலும் வேலை நடந்துவிடும். அதனால்தான் நான்கைந்து கிலோவில் மெஷின் கிடைக்கிறது. எடை குறைவது தானாக மட்டம் என்று ஆகாது.

இதில் உண்மையான நன்மைகளும் இருக்கின்றன. டிசி ஆர்க் நிலையாக எரியும், மெல்லிய தகட்டில் கை பழகாதவருக்கும் ஓரளவு பிடிபடும். ராடு ஒட்டிக்கொண்டால் ஆம்பியரைத் தானே குறைக்கும் வசதி பல மெஷின்களில் உண்டு. பழைய டிரான்ஸ்பார்மரைவிட மின்சாரச் செலவும் குறைவு.

இதற்கான விலையை வேறு இடத்தில் கொடுக்கிறோம். பழைய செட்டில் கெட்டுப்போக இருப்பது சுருளும் கனெக்‌ஷனும்தான். சுருள் எரிந்தால் ஊரிலேயே ரீவைண்டிங் செய்துவிடலாம். இன்வெர்ட்டரில் சூட்டுக்கும் வோல்ட் ஏற்றத்துக்கும் பயப்படுகிற பாகங்கள் நிறைய. அவை எவ்வளவு தாராளமான அளவில் போடப்பட்டிருக்கின்றன, எவ்வளவு குளிரவைக்கப்படுகின்றன என்பதில்தான் 5,000 ரூபாய் மெஷினும் 15,000 ரூபாய் மெஷினும் பிரிகின்றன.

நமக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும்?

6013 என்ற வகை எண் போட்ட சாதாரண ராடுக்கு நடைமுறையில் போகும் அளவு இது:

1. 2.5 மி.மீ, கடையில் 12 நம்பர் என்று கேட்பது: 60 முதல் 90 ஆம்பியர். ஜன்னல் கிரில், ஸ்கொயர் பைப், ஷெட் ரிப்பேர், கொட்டகைக் கம்பி வேலை எல்லாம் இதில் அடங்கும்.
2. 3.15 மி.மீ, 10 நம்பர்: 90 முதல் 140 ஆம்பியர். கேட் ஃபிரேம், 5-6 மி.மீ ஆங்கிள், பிளாட்.
3. 4 மி.மீ, 8 நம்பர்: 140 முதல் 190 ஆம்பியர். டிரெய்லர் சேஸிஸ், தடித்த தகடு, ஸ்ட்ரக்சர் வேலை.

வீட்டிலோ தோட்டத்திலோ வரும் வேலையில் பெரும்பகுதி முதல் இரண்டு வகையைத் தாண்டாது. 400 ஆம்பியர் என்ற எண்ணைப் பார்த்து ஆசைப்படுபவர் அதில் பாதியைக்கூட எப்போதும் தொடமாட்டார்.

வீட்டு பிளக்கில் 200 ஆம்பியர் வருமா?

கணக்கு எளிது. கால்குலேட்டர் இருந்தால் போதும்.

வெல்டிங் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி 60974-1, ராடு வெல்டிங்கில் ஆர்க் வோல்ட்டைக் கணக்கிட ஒரு சூத்திரம் தருகிறது: 20 + (0.04 × ஆம்பியர்). இதை வைத்து 200 ஆம்பியரைப் பார்ப்போம்.

1. ஆர்க் வோல்ட்: 20 + 8 = 28 வோல்ட்.
2. ஆர்க்கில் செலவாகும் சக்தி: 200 × 28 = 5,600 வாட்.
3. மெஷினுக்குள்ளேயே கொஞ்சம் சூடாக வீணாகும். பயனுறுதி 85 சதவீதம் என்று வைத்தால், உள்ளே போக வேண்டியது சுமார் 6,600 வாட்.
4. விலை குறைந்த ஒருமுனை மெஷின்களில் பவர் பேக்டர் திருத்தும் சர்க்யூட் இருக்காது. பவர் பேக்டர், அதாவது லைனிலிருந்து இழுப்பதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.7 அளவில் நிற்கும். எனவே லைனிலிருந்து இழுப்பது சுமார் 9,400 வி.ஏ (வோல்ட் × ஆம்பியர்).
5. 230 வோல்ட்டில் அது சுமார் 41 ஆம்பியர்.

வீட்டில் இருக்கும் பெரிய பிளக் பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது. 41 எங்கே, 16 எங்கே! வீட்டு பிளக்கில் 200 ஆம்பியர் ஓட்டலாம் என்று எழுதுபவர் ஒன்று மெஷினின் அளவைப் பற்றிப் பொய் சொல்கிறார், இல்லை உங்கள் வயரிங்கை எரிக்கச் சொல்கிறார்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு ஆர்க் கிடைக்கும்? 16 × 230 = 3,680 வி.ஏ. அதை 0.7 ஆலும் 0.85 ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 2,190 வாட் ஆர்க்குக்கு மிஞ்சும். அந்தச் சக்திக்கு 90 ஆம்பியர்தான் வரும். அதாவது 2.5 மி.மீ ராடு தாராளமாக எரியும், 3.15 மி.மீ ராடு தொட்டும் தொடாமலும் எரியும். 3.15 ராடை ஒழுங்காக 120 ஆம்பியரில் ஓட்ட வேண்டுமானால் லைனில் 22 ஆம்பியர் அளவு இழுக்கும். அதற்குத் தனி வயரும் 32 ஆம்பியர் பாயிண்டும் போட்டாக வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சாதாரண வீட்டு பிளக்கில் ஓட்டப்போகிறவருக்கு 200, 250, 400 என்ற எண்களுக்கு அர்த்தமே இல்லை. இந்த மலிவு மெஷின்களில் எதை வாங்கினாலும் அவருக்குக் கிடைக்கப்போவது 90 ஆம்பியர் அளவுதான். இரண்டு, பொய்யான மெஷினை அதன் பெயர்ப்பலகையை வைத்தே பிடித்துவிடலாம். பலகையில் 'ஐ1 மேக்ஸ்' என்று ஒரு இடம் இருக்கும். லைனிலிருந்து அதிகபட்சம் இழுக்கும் ஆம்பியர் அது. வெளியே 200 ஆம்பியர் தருவதாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 4,600 வி.ஏ வாங்கி 5,600 வாட் தருவதாக ஆகிறது. அப்படி ஒரு மெஷின் இந்த உலகத்தில் கிடையாது. பெயர்ப்பலகையின் படத்தையே போடாத விளம்பரமாக இருந்தால் அங்கேயே விலகிவிடலாம்.

இன்னொன்று. மெஷின் முகப்பில் டிஜிட்டல் எண் தெரிகிறது, 200 காட்டுகிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலிவு மெஷின்கள் பலவற்றில் அந்த எண் குமிழ் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். ஆர்க்கில் ஓடும் ஆம்பியரை அது அளப்பதில்லை.

டியூட்டி சைக்கிள்: விலை வித்தியாசம் ஒளிந்திருக்கும் இடம்

பெயர்ப்பலகையில் 'எக்ஸ்' என்ற எழுத்துக்கு எதிரே ஒரு சதவீதம் இருக்கும். இதுதான் டியூட்டி சைக்கிள். ஐ.இ.சி 60974-1 முறைப்படி பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் தொடர்ந்து ஆர்க் அடிக்கலாம் என்பதே இதன் பொருள். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் அடித்து நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். 20 சதவீதம் என்றால் இரண்டு நிமிடம்தான், மீதி எட்டு நிமிடம் மெஷின் ஆற வேண்டும்.

ஆக, இரண்டு பெட்டியிலும் 200 என்று இருந்தாலும் அவை ஒரே மெஷின் ஆகாது. உள்ளே உண்டாகும் சூடு ஏறக்குறைய ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், நிறுத்தாமல் ஓட்டக்கூடிய ஆம்பியரைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: போட்டிருக்கும் ஆம்பியரை டியூட்டி சைக்கிளின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்.

1. 200 ஆம்பியர், 60 சதவீதம்: 200 × 0.775 = 155 ஆம்பியர் தொடர்ந்து.
2. 200 ஆம்பியர், 20 சதவீதம்: 200 × 0.447 = 89 ஆம்பியர் தொடர்ந்து.

முதல் மெஷினில் 3.15 ராடை நாள் முழுக்க எரிக்கலாம். இரண்டாவதில் 2.5 ராடை மட்டும்தான் அப்படி எரிக்க முடியும். விலையில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த 66 ஆம்பியர்தான். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் அலுமினியத்தின் அளவு, ஃபேன், பவர் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை எல்லாம் இங்கேதான் செலவாகின்றன.

வேலை செய்யும் விதத்தையும் பார்க்க வேண்டும். 2.5 மி.மீ ராடு ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எரிந்து முடியும். பிறகு கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த துண்டை மூலைமட்டம் வைத்துப் பிடித்து, ராடு மாற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தனி ஆளாகச் செய்பவருக்கு மொத்த நேரத்தில் ஆர்க் எரியும் நேரம் 20 முதல் 30 சதவீதம் வந்தாலே அதிகம். எனவே வீட்டு வேலை செய்பவர் மலிவு மெஷினின் எல்லையை முட்டுவதே அபூர்வம். "நாலு வருஷமா ஓடுது" என்பவரின் கதை இதுதான். ஒருவர் துண்டு பிடித்துக் கொடுக்க மற்றவர் விடாமல் அடிக்கும் பட்டறையில் ஆர்க் நேரம் வெகுவாகக் கூடும், அதுவும் 3.15 ராடில். அந்த இடத்தில் அதே மெஷின் மூன்று மாதம் தாங்கினால் அதுவே பெரிது.

வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். அந்தத் தரத்தின்படி டியூட்டி சைக்கிளைச் சோதிப்பது 40 டிகிரி சுற்றுச்சூழலில். வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் அக்னி நட்சத்திர நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கூரைக்குக் கீழே அதைவிடக் கூடுதல். இன்னும் குளிர்ந்த சூழலில் சோதித்துவிட்டு 60 சதவீதம் என்று போட்ட மெஷின் நம் ஊர் மே மாதத்தில் அந்த அளவைத் தராது. எத்தனை டிகிரியில் அளந்தது என்று பலகையிலோ கையேட்டிலோ இல்லாவிட்டால், போட்டிருப்பதில் பாதியை மட்டும் நம்புவது பாதுகாப்பு.

வீட்டு உபயோக மெஷின்களுக்கென்றே ஐ.இ.சி 60974-6 என்று தனித் தரம் இருக்கிறது. இந்த எண் போட்ட மெஷின் தொழில் பயன்பாட்டுக்கு உருவாக்கப்பட்டதில்லை என்று தயாரித்தவரே சொல்கிறார். இது குறை ஆகாது. நேர்மையான தகவல், வாங்குபவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

எங்கெல்லாம் காசு மிச்சம் பிடிக்கிறார்கள்?

முதலில் கேபிள். பெட்டியோடு வரும் ஹோல்டர் கேபிளும் எர்த் கேபிளும் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்காது. பல சமயம் காப்பர் முலாம் பூசிய அலுமினியக் கம்பிதான் உள்ளே. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எர்த் கிளாம்ப் மெல்லிய தகட்டில் இருக்கும், பத்து ராடு எரித்ததும் கொதிக்கும். நல்ல மெஷினையே இந்தக் கேபிள் கெடுத்துக் காட்டிவிடும். காப்பர் கேபிள், கனமான கிளாம்ப், நல்ல ஹோல்டர் மூன்றையும் தனியாக வாங்கும் செலவை மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் விலை குறைவாகத்தான் இருக்கும், ஆனால் விளம்பரத்தில் பார்த்த வித்தியாசம் இருக்காது.

அடுத்தது உள்ளே. ஒரே ஹீட்சிங்கில் மட்டும் சூடு உணரும் சுவிட்சைப் போட்டு மற்றதை விட்டுவிடுவது, கார்டுக்கு மேல் பாதுகாப்பு வார்னிஷ் பூசாமல் விடுவது, பவர் டிரான்சிஸ்டரின் எண்ணைச் சுரண்டிவிடுவது என்று பல உண்டு. வார்னிஷ் இல்லாதது பட்டறையில் பெரிய ஆபத்து. பக்கத்தில் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுக்கும், அது கார்டில் படிந்து ஷார்ட் ஆக்கும். மலிவு மெஷின்கள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இந்த இரும்புத் தூளும் ஒன்று.

மூன்றாவது ஆர்க்கின் குணம். 6013 ராடு எந்த மெஷினிலும் எரிந்துவிடும். 7018 ராடு கொஞ்சம் அடம்பிடிக்கும். ஆர்க் அடிக்காதபோது இருக்கும் வோல்ட் குறைவாக இருந்தாலும், ராடு நெருங்கும்போது ஆம்பியரைச் சற்று ஏற்றிக் கொடுக்கும் வசதி இல்லாவிட்டாலும், 7018 ஒட்டிக்கொண்டே இருக்கும். பாரம் தாங்கும் வேலைக்கு 7018 தான் வேண்டும் என்கிறவர்கள் அந்த ராடைக் கையோடு கொண்டுபோய் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ராடு, டிக், வயர் என மூன்று முறையிலும் பற்றவைக்கலாம் என்று விற்கும் "3 இன் 1" மெஷின்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசி டிக் (டங்ஸ்டன் முனையும் கேஸும் வைத்துப் பற்றவைக்கும் முறை) வசதி இருப்பதை வைத்து அலுமினியம் ஒட்டலாம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அலுமினியத்தை டிக் முறையில் ஒட்ட ஏசி வேண்டும், இந்த விலையில் அது வராது. உள்ளே பொடி நிரப்பிய, கேஸ் தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் வயருக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். முனைகளை மாற்றிப்போட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் கரண்டும் இந்த மெஷினும்

உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் சாதாரணமாக 400 வோல்ட் அளவில் இருக்கும், கொஞ்சம் கவனமான தயாரிப்பாளர் 450 வோல்ட் போடுவார். 230 வோல்ட் ஏசி டிசியாகும்போது 325 வோல்ட். லைன் 270 வோல்ட்டுக்கு ஏறினால் உள்ளே 382 வோல்ட், 290 வோல்ட்டுக்கு ஏறினால் 410 வோல்ட். கிராமத்துக் கடைசி டிரான்ஸ்பார்மரில் இரவு லோடு இறங்கும்போது வோல்டேஜ் ஏறும் இடங்களில் 400 வோல்ட் கப்பாசிட்டர் ஒவ்வொரு நாளும் விளிம்பில்தான் வாழ்கிறது. நியூட்ரல் அறுந்தாலோ கதையே வேறு. ஒருமுனை லைனில் 415 வோல்ட்வரை வந்துவிடலாம். அப்போது உள்ளே ஏறும் 587 வோல்ட்டை எந்தக் கப்பாசிட்டரும் தாங்காது, வெடித்துவிடும். ஓவர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை லைனில் போடுவது மெஷின் விலையில் சின்னப் பங்குதான்.

வோல்டேஜ் குறைந்தாலும் சிக்கல் உண்டு. அதே ஆர்க்கைத் தர மெஷின் லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், இன்னும் சூடாகும். இதை நாமே உண்டாக்கிக்கொள்ளும் வழி நீளமான ஒல்லி எக்ஸ்டென்ஷன் வயர். 1 சதுர மி.மீ காப்பர் வயரை 30 மீட்டர் இழுத்து 25 ஆம்பியர் ஓட்டினால் 27 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ வயரில் 11 வோல்ட்தான் போகும். தூரத்தில் வேலை என்றால் மெஷினை வேலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெயின் லைனைத் தடித்த வயரில் இழுங்கள். வயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டக் கூடாது, சுருளுக்குள் சூடு சேர்ந்து உறை உருகும்.

எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் ஓட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உலோகப் பெட்டி, வியர்வை, ஈரத்தரை, வெறுங்கால் எல்லாம் சேரும் தொழில் இது. பெட்டிக்கு மின்கசிவு வந்தால் உயிர் போகும். எர்த் சரியாக இருக்க வேண்டும், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி-யும் இருக்க வேண்டும். மெஷின் எவ்வளவு விலையானாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

சொந்த வேலைக்கு வீட்டு இணைப்பில் பற்றவைப்பது ஒன்று. அதே இணைப்பில் காசுக்கு வேலை எடுத்துச் செய்தால், அனுமதித்த நோக்கத்தை மீறிய பயன்பாடு என்று மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி கூடுதல் கட்டணம் விதிக்க முடியும். தொழிலாகச் செய்ய நினைப்பவர் அதற்குரிய இணைப்பு வாங்கும் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

'இறக்குமதி' என்பதுதான் பிரச்சினையா?

இல்லை. சீனாவின் ஷென்சென் நகரத்தில் இருக்கும் ஜாசிக், ரிலாண்ட் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்க மெஷின் அனுப்புகின்றன. நல்ல தரத்திலும் செய்கின்றன, கேட்ட விலைக்குத் தகுந்த தரத்திலும் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே ஏராளம். இங்கே உள்ளூர்ப் பெயரில் விற்கும் மெஷின்களிலும் அங்கிருந்து வந்து பெயர் மட்டும் மாறியவை உண்டு. நாட்டின் பெயரை வைத்து முடிவெடுப்பதில் பயன் இல்லை. மெஷின் கெட்டால் யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விதான் முக்கியம்.

இதற்குச் சட்டம் ஒரு கைப்பிடி தந்திருக்கிறது. இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடும் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். அந்த முகவரி இல்லாத பெட்டிக்கு வாரண்டி கார்டு இருந்தாலும் அது வெறும் காகிதம்தான். முகவரி இருந்தால் அந்த இறக்குமதியாளருக்கு ஒரு போன் போட்டு, "மெயின் கார்டு தனியா கிடைக்குமா, என்ன விலை, சர்வீஸ் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ரிப்பேர் பற்றியும் யோசிக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஐ.ஜி.பி.டி-யும் கப்பாசிட்டரும் கிடைக்கும். ஆனால் எண் சுரண்டப்பட்ட பாகம், எல்லாம் ஒரே கார்டில் நெருக்கியடித்த அமைப்பு என்றால் மெக்கானிக் கையை விரித்துவிடுவார். ஒரு ஐ.ஜி.பி.டி போகும்போது அதை இயக்கும் சர்க்யூட்டையும் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகும். 5,000 ரூபாய் மெஷினுக்கு 2,500 ரூபாய் ரிப்பேர் செய்து, அதற்கு மூன்று மாதம்கூட உத்தரவாதம் இல்லையென்றால் அந்தக் காசு வீண்.

அப்படியானால் யார் வாங்கலாம்?

விவசாயி, வீட்டில் சின்னச் சின்ன வேலையைத் தானே செய்துகொள்பவர், ஐ.டி.ஐ முடித்துவிட்டுக் கை பழக நினைக்கும் பையன்: தாராளமாக வாங்கலாம். 400 போட்டதை விட்டுவிட்டு, நேர்மையான பெயர்ப்பலகையோடு 140 அல்லது 160 ஆம்பியர் போட்ட மெஷினைத் தேடுங்கள். அவர்களுக்கு வரும் வேலை அதற்குள் அடங்கிவிடும். ஒரு கேட்டை ரிப்பேர் செய்ய வெல்டரைக் கூப்பிட்டு வண்டிக் கூலியோடு கொடுக்கும் பணத்தை யோசித்தால், சில வேலைகளிலேயே மெஷின் காசு வந்துவிடும்.

சைட்டுக்குச் சைட் போய் கிரில் மாட்டும் வெல்டருக்கு இரண்டாவது மெஷினாக இது நல்லதுதான். ஏணி மேல் தூக்கிப்போக இதைவிட வசதி இல்லை. பிரதான மெஷின் இதுவாக இருக்கக் கூடாது. ஒரு நாள் வேலை நின்றால் உதவியாளர் கூலியும் சேர்ந்து போகும். அப்படி நாலைந்து நாள் போனாலே நல்ல மெஷினுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் கரைந்துவிடும்.

மும்முனை இணைப்போடு ஒரே இடத்தில் இருக்கும் பட்டறைக்கு 60 சதவீத டியூட்டி சைக்கிள் உள்ள தொழில்தர இன்வெர்ட்டர் வேண்டும். முடியாவிட்டால், காப்பர் சுருள் போட்ட பழைய டிரான்ஸ்பார்மர் செட் இன்றைக்கும் கௌரவமான தேர்வுதான். கரண்ட் கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஆனால் தூசிக்கும் வெயிலுக்கும் அசையாது.

பாய்லர், அழுத்தம் தாங்கும் பைப், லாரி சேஸிஸ், ஆள் நிற்கும் சாரம் போன்ற வேலைகளுக்கு இந்த மெஷின்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆம்பியர் நிலையாக இல்லாத மெஷினில் மேலே அழகாகத் தெரியும் தையலுக்கு அடியில் இரும்பு உருகிச் சேராமலே இருந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பாரம் ஏறும்போதுதான் தெரியும்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பி அனுப்பும் காலம் சில நாட்கள்தான். பெட்டியை மூலையில் வைத்துவிடாமல் அந்த நாட்களுக்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

1. பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் படம் பிடியுங்கள்.
2. பிளக் போடும் முன் மல்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் பெட்டியின் உலோகத் திருகுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை ஓட்டவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.
3. காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்து ஃபேனையும் ஹீட்சிங்கையும் பாருங்கள். திருகைக் கழற்றினால் வாரண்டி போய்விடலாம்.
4. 2.5 மி.மீ ராடு ஐந்தை 80 ஆம்பியரில் அடுத்தடுத்து எரியுங்கள். நடுவில் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் கட் ஆனால், அது வீட்டு வேலைக்கே போதாது.
5. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால் ஹோல்டர் கேபிளில் மாட்டி, ஆர்க் எரியும்போது வரும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். முகப்பு எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் அந்த மெஷினைப் பற்றிய உண்மை.
6. பிளக், கேபிள் முனை, எர்த் கிளாம்ப் எது அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். தொட்டுப் பார்ப்பதற்கு முன் மெஷினை அணைத்துவிடுங்கள்.

அளந்த ஆம்பியர் விளம்பரத்தில் இருப்பதற்கு வெகு கீழே இருந்து, விற்றவர் திருப்பி எடுக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. முதல் சோதனையில் எடுத்த வீடியோவும் படமும் இங்கே கைகொடுக்கும்.

வாங்கியதைக் காப்பாற்ற

மெஷினுக்கு நாலு பக்கமும் காற்று போக இடம் விடுங்கள். கிரைண்டர் பொறி அதன் பக்கம் பறக்காத திசையில் வையுங்கள். வேலை முடிந்ததும் உடனே அணைக்காமல் சில நிமிடம் ஃபேனை ஓடவிடுங்கள். ஐ.பி 21 என்று போட்ட மெஷின் மேலிருந்து சொட்டும் நீரை மட்டும்தான் தாங்கும், சாரல் அடிக்கும் இடத்தில் ஓட்டக் கூடாது.

வாரண்டி முடிந்த பிறகு மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, குறைந்த அழுத்தக் காற்றில் தூளை ஊதிவிட்டால் ஆயுள் நன்றாகக் கூடும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட் அளவு தேங்கி நிற்கும். குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் முதலில் மல்டிமீட்டரை அந்தக் கப்பாசிட்டரின் இரண்டு முனையிலும் வைத்து, வோல்ட் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் கையை உள்ளே விடுங்கள்.